பத்தாம் வகுப்பில் கணக்கு 71, பாப்பாவுக்கு எந்த குரூப்?

கேள்வி: ஐயா, நாங்கள் மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். பன்னிரண்டு மா, அதாவது ஏறக்குறைய நாலு ஏக்கர் நிலம், அதுதான் பிழைப்பு. என் மகள் அரசு பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்து, பத்தாவதில் 431 எடுத்திருக்கிறாள். தமிழ் 94, ஆங்கிலம் 78, கணக்கு 71, அறிவியல் 92, சமூக அறிவியல் 96. பயாலஜி மேத்ஸ் எடுத்தால்தான் டாக்டருக்கும் போகலாம், இன்ஜினியருக்கும் போகலாம் என்கிறார் அவள் அப்பா. பாப்பா, கணக்கு வேண்டாம், பியூர் சயின்ஸ் எடுத்து அக்ரி படிக்கிறேன் என்கிறாள். வகுப்பாசிரியை, ஆர்ட்ஸ் குரூப் எடு, பின்னால் டி.என்.பி.எஸ்.சி.க்கு உதவும் என்கிறார். என் நாத்தனார் வீட்டுக்காரர், மேற்கே ஒரு உறைவிடப் பள்ளி இருக்கிறது, நீட் கோச்சிங்கும் சேர்த்தே கொடுக்கிறார்கள், இரண்டு வருடத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும், நகையை வைத்தாவது சேர்த்துவிடுங்கள் என்கிறார். தப்பான குரூப் எடுத்துவிட்டால் அப்புறம் மாற்ற முடியுமா? எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டுகிற முதல் பிள்ளை இவள்தான்.

பதில்:

சகோதரி, நாலு பேர் நாலு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள், நாலு பேரும் பாப்பாவின் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவளுடைய கணக்கு விடைத்தாளை விரித்து வைத்து யாராவது பார்த்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துப் பள்ளிகளில் 31 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், எனக்கு முதலில் அதுதான் உறுத்தியது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் உறைவிடப் பள்ளி விஷயத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் மற்றதில் எல்லாம் தப்பு செய்தாலும் ஏதாவது ஒரு வழியில் சரிக்கட்டலாம், இதில் சரிக்கட்ட முடியாது. உங்கள் பாப்பா ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது, அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சட்டம் போட்டார்கள். அந்த ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் போகிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. ஏழு வருடத்தில் ஐந்து வருடம் முடித்துவிட்டு, கடைசி இரண்டு வருடத்துக்காக மூன்று லட்சம் செலவழித்துத் தனியார் பள்ளிக்குப் போனால், காசு கொடுத்து அந்த உரிமையை விற்றுவிட்டு வருகிற மாதிரிதான். கல்லூரிக்குப் போனபிறகு மாதம் 1000 ரூபாய் கொடுக்கிற புதுமைப் பெண் திட்டமும் அதோடு போய்விடும். உங்கள் நாத்தனார் வீட்டுக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம், நல்ல மனுஷர்தான், ஆனால் நகையை எடுத்து உள்ளே வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை இரண்டு வருடம் உருப்போட வைக்கிற பழக்கம் பல இடங்களில் இருந்தது, ஊரறிந்த விஷயம். அதை நிறுத்தத்தான் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள், 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை வந்ததோடு அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது சரி, எனக்கும் அதில் சந்தோஷம்தான். ஆனால் பழைய பழக்கம் திரும்ப வர இடம் கிடைத்துவிட்டது. நீட் கேள்வித்தாளோ இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் வருகிறது. ஆகவே எந்தப் பள்ளியானாலும், உங்கள் ஊர்ப் பள்ளியே ஆனாலும், ஆகஸ்டு மாதம் பாப்பாவின் பையைத் திறந்து பாருங்கள், உள்ளே பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் இருக்கிறதா என்று.

சரி, குரூப்புக்கு வருவோம். உங்கள் மாமனார் காலத்தில் பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி., அதற்குமேல் கல்லூரியில் போய் பி.யூ.சி. 1978இல்தான் பிளஸ் ஒன் நம் பள்ளிகளுக்குள் வந்தது. அன்றிலிருந்தே இந்த குரூப் பேச்சும் வந்துவிட்டது, முதல் குரூப் என்றால் கெட்டிக்காரப் பிள்ளை, கடைசி குரூப் என்றால் ஏதோ மிச்சம் மீதி. வரிசை எண்ணுக்காக வைத்த பெயரை ஜாதி மாதிரி ஆக்கிவிட்டோம்.

உள்ளே இருக்கிறது இவ்வளவுதான். பத்தாவது வரை எல்லோருக்கும் ஒரே ஐந்து பாடம். பிளஸ் ஒன்னில் ஆறு பாடம், பாடத்துக்கு 100, மொத்தம் 600. தமிழும் ஆங்கிலமும் எல்லோருக்கும் பொது. மீதி நாலில்தான் வித்தியாசம். பயாலஜி மேத்ஸ் என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு. பியூர் சயின்ஸ் என்றால் கணக்கு கிடையாது, உயிரியல் இரண்டாகப் பிரிந்து தாவரவியல், விலங்கியல் என்று முழுப் பாடங்களாக வரும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல். காமர்ஸ் பக்கம் போனால் கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல், நாலாவதாக வணிகக் கணிதமோ கணினிப் பயன்பாடுகளோ வரலாறோ, அது பள்ளியைப் பொறுத்தது. சில பள்ளிகளில் வேளாண் அறிவியல் தொழிற்கல்விப் பிரிவும் உண்டு, அதைக் கேவலமாகப் பார்க்கிறார்கள், பார்க்கத் தேவையில்லை. அதிலிருந்தும் வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தனி இடம் இருக்கிறது.

இப்போது அந்த 71. பத்தாம் வகுப்புக் கணக்குக் கேள்வித்தாள் எப்படி இருக்கும் என்று பாப்பாவையே கேளுங்கள், சொல்லுவாள். ஒரு மதிப்பெண் கேள்வி 14. இரண்டு மதிப்பெண் கேள்வி பத்துக்கு விடை எழுத வேண்டும், ஐந்து மதிப்பெண் பத்துக்கு. கடைசியில் எட்டு மதிப்பெண் இரண்டு, ஒன்று வடிவியல் வரைவது, ஒன்று வரைபடம். இதில் அந்த 14ஐயும் கடைசி 16ஐயும் நாங்களே பிள்ளைகளுக்குப் பழக்கிப் பழக்கிக் கையில் ஏற்றிவிடுவோம். வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவார்கள், காம்பஸ் எங்கே ஊன்ற வேண்டும் என்று விரலுக்குத் தெரியும், ஏன் அங்கே ஊன்றுகிறோம் என்று கேட்டால் முழிப்பார்கள். பெயிலாகாமல் காப்பாற்ற அந்த 30 வேண்டும், நான் அதைக் குறை சொல்லவில்லை, நானே அப்படித்தான் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கரையேற்றினேன். ஆனால் பிளஸ் ஒன்னில் கணக்கு தாங்குமா என்று அந்த 30 சொல்லாது. மிச்சம் இருக்கிற 70தான் சொல்லும்.

ஆகவே ஒரு 71, வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும், இரண்டு பிள்ளைகளின் 71ஆக இருக்கலாம். ஒருத்தி அந்த 30ஐயும் முழுசாக வாங்கிவிட்டு மிச்சத்தில் 41 எடுத்தவள். இன்னொருத்தி பதற்றத்தில் வரைபடத்தைக் கோட்டைவிட்டு எட்டு, ஒரு மதிப்பெண்ணில் 12, ஆனால் மிச்சத்தில் 51. இரண்டாவது பெண்ணை நான் கண்ணை மூடிக்கொண்டு கணக்கு எடுக்கச் சொல்லுவேன். முதல் பெண்ணிடம் இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பொதுத்தேர்வுத் தாள் வீட்டில் இருக்காது. அரையாண்டுத் தாள், திருப்புதல் தேர்வுத் தாள் பரணில் எங்கேயாவது கட்டி வைத்திருப்பாள், அதை எடுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை, சிவப்பு மை எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். ஐந்து மதிப்பெண் கேள்விகளில் அரைப் பக்கம் எழுதி, கடைசி மூன்று வரியில் கழித்தல் குறியைத் தொலைத்து மார்க் போயிருந்தால் அது கவனக்குறைவு, ஆறு மாதத்தில் சரியாகும். கேள்வி எண்ணை மட்டும் எழுதிவிட்டு வெறும் இடம் விட்டிருந்தால், அல்லது முதல் வரியிலேயே திசை மாறியிருந்தால், அது வேறு. அதிலும் எந்தப் பாடத்தில் வெறும் இடம் விட்டிருக்கிறாள் என்பது முக்கியம். புள்ளியியலிலும் கன அளவுகளிலும் மார்க் வாங்கிவிட்டு, சார்புகள், இயற்கணிதம், முக்கோணவியல் மூன்றிலும் விட்டிருந்தால் எனக்குப் பயம். ஏனென்றால் பிளஸ் ஒன் கணக்குப் புத்தகம் அந்த மூன்றோடுதான் தொடங்குகிறது, முதல் அத்தியாயம் கணங்களும் சார்புகளும், அடுத்தது அடிப்படை இயற்கணிதம், மூன்றாவது முக்கோணவியல். குறுவை நடவு முடிந்து களை எடுப்பதற்குள் மூன்றும் ஓடிவிடும்.

கணக்கு வேண்டாம், பியூர் சயின்ஸ் போகிறேன் என்கிற பிள்ளைகளிடம் நான் சொல்லுவது ஒன்று உண்டு, பாப்பாவும் கேட்டுக்கொள்ளட்டும். கணக்குப் பாடத்தை விடலாம், கணக்கை விட முடியாது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இரண்டாவது அலகு இயக்கவியல். அதில் வெக்டர் வரும், வகையிடல் வரும், தொகையிடல் வரும். வேடிக்கை என்னவென்றால் கணக்குப் புத்தகத்தில் வகையிடல் பத்தாவது அத்தியாயம், அதாவது கணக்கு வாத்தியார் அங்கே போய்ச் சேர அரையாண்டு தாண்டிவிடும், இயற்பியல் வாத்தியார் ஜூலையிலேயே கரும்பலகையில் எழுத ஆரம்பித்துவிடுவார். இதை வைத்து எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் வருடா வருடம் ஒரு சண்டை நடக்கும், "உங்க பாடத்தை நாங்க நடத்த வேண்டியிருக்கு" என்று. பயாலஜி மேத்ஸ் பிள்ளைக்குப் பின்னால் கணக்கு வகுப்பில் அது தெளிவாகிவிடும். பியூர் சயின்ஸ் பிள்ளைக்கு இயற்பியல் வாத்தியார் சொன்னதுதான் மொத்தமும். வேதியியலிலும் முதல் அலகே மோல் கணக்குத்தான்.

அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் யூரியா மூட்டை கிடக்கும், காலியானாலும் பரவாயில்லை. மேலே 46 சதவீதம் நைட்ரஜன் என்று போட்டிருக்கும். அது எப்படி வந்தது என்று பாப்பாவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். யூரியாவில் ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நாலு ஹைட்ரஜன். கார்பன் 12, ஆக்சிஜன் 16, நைட்ரஜன் ஒன்றுக்கு 14 வீதம் 28, ஹைட்ரஜன் நாலும் சேர்ந்து 4. கூட்டினால் 60. அறுபதில் நைட்ரஜன் 28, நூற்றுக்கு எவ்வளவு என்று போட்டால் 46க்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும். அப்படியானால் 45 கிலோ மூட்டையில் பயிருக்குச் சேர்கிற நைட்ரஜன் எத்தனை கிலோ, அப்பா ஒரு மாவுக்கு எத்தனை கிலோ யூரியா போடுகிறார், அதில் நைட்ரஜன் எவ்வளவு என்று அவளே போகட்டும். கூட இருந்து பார்த்துக்கொண்டிருங்கள், விடை சரியா என்பதைவிட அவள் முகத்தைப் பாருங்கள். அடுத்த கேள்வியை அவளே போட்டுக்கொண்டு போனால் நல்லது. "இதெல்லாம் எதுக்கும்மா" என்று மூட்டையை மடக்கி வைத்துவிட்டால், அக்ரி என்று அவள் சொல்வது படிப்பை நினைத்தா, கணக்கிலிருந்து தப்பிப்பதற்கா என்று ஒருமுறை பேச வேண்டும். திட்டாமல் பேசுங்கள். பதினைந்து வயசில் தப்பிக்க நினைப்பது குற்றம் இல்லை.

பிளஸ் ஒன் புத்தகங்கள் பாடநூல் கழக இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. போனில் இறக்கி, இயற்பியல் முதல் இரண்டு அலகு, வேதியியல் முதல் அலகு, கணக்கு முதல் அத்தியாயம், இவற்றை நாலு நாள் அவளைப் புரட்டச் சொல்லுங்கள். சேர்க்கைக்கு முன்னால் புத்தகத்தைத் திறந்து பார்க்கிற பிள்ளை நூற்றில் ஒன்றுகூட இல்லை என்பது என் அனுபவம். புடவை எடுக்கப் போனால்கூட நாலு மடிப்பு பிரித்துப் பார்க்கிறோம்.

இனி, உங்கள் ஊரை நடுவில் வைத்துச் சுற்றிலும் பார்ப்போம், எதற்குக் கணக்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று. மேற்கே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி. அதற்கு மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மார்க்தான், உயிரியல் 100க்கு, இயற்பியலும் வேதியியலும் 50, 50க்கு, மொத்தம் 200. கணக்கு வேண்டாம், நீட்டும் வேண்டாம். கிழக்கே நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம், அதற்கும் உயிரியல்தான் முக்கியம். ஈச்சங்கோட்டையில் வேளாண் கல்லூரி. வேளாண்மைக்கு நாலு முக்கியப் பாடங்களையும் 50, 50 ஆக்கி 200க்குக் கட் ஆஃப் போடுகிறார்கள். இதைக் கவனியுங்கள், பயாலஜி மேத்ஸ் எடுத்தால் அந்த நாலில் ஒன்று கணக்கு. உயிரியலில் 98 எடுத்துவிட்டுக் கணக்கில் 70 எடுத்தால் அந்த ஒரு பாடத்திலேயே 15 மார்க் போய்விடும், அக்ரியில் 15 மார்க் என்பது எத்தனையோ ஆயிரம் பேர் நிற்கிற தூரம். பியூர் சயின்ஸில் அந்த இடத்தில் தாவரவியல், விலங்கியல். பத்தாவதில் அறிவியல் 92 எடுத்த பிள்ளைக்கு எது லாபம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் தஞ்சாவூரிலேயே இருக்கிற உணவு பதன நிறுவனத்தை, நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி இன்று தேசிய நிறுவனமாக நிற்கிறதே, அதைப் பாருங்கள். அங்கே பி.டெக். உணவுத் தொழில்நுட்பம் படிக்க ஜே.இ.இ. மெயின் என்கிற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதற்குக் கணக்கு கட்டாயம். வேளாண் பொறியியல், பயோடெக்னாலஜியில் பி.டெக்., இப்படிப் பெயரில் பயிரும் உயிரும் இருப்பதால் உயிரியல் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். பொறியியல் கலந்தாய்வில் போகிற எதற்குமே கணக்குதான் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. செங்கிப்பட்டி அரசு பொறியியல் கல்லூரியும் அதில்தான் வரும். அப்பா சொல்லுகிற "இரண்டுக்கும் போகலாம்" என்பது தாளில் உண்மைதான். நடப்பில், நாலு கனமான பாடத்தையும் ஒரே நேரத்தில் தூக்கி, நீட்டுக்கும் கணக்குக் கட் ஆஃபுக்கும் சேர்த்து ஓடுகிற பிள்ளை வகுப்புக்கு மூன்று பேர் தேறுவார்கள். மற்றவர்கள் பிளஸ் டூவில் ஏதோ ஒன்றை மனசுக்குள் கைவிட்டுவிடுவார்கள், பெரும்பாலும் யாருக்கும் சொல்லாமல்.

அந்த விஷயத்தில் என் தலையில் ஒரு பழி இருக்கிறது. வெண்ணாற்றங்கரைப் பையன் ஒருத்தன், பத்தாவதில் உங்கள் பாப்பா அளவுக்கு மார்க், அப்பா வந்து கையைப் பிடித்துக்கொண்டு "சார், முதல் குரூப்பே போடுங்க" என்றார். பையன் பின்னால் நின்றுகொண்டு சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தான். அவன் கடையில் பேரேடு எழுதிப் பழகியவன், ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி தூங்காமல் கண்டுபிடிக்கிற ஜாதி, காமர்ஸ் கேட்கத்தான் வந்திருந்தான் என்று எனக்குத் தெரியும். அப்பாவை எதிர்த்துச் சொல்ல எனக்கு அன்று நேரம் இல்லை, வெளியே நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள், போட்டுவிட்டேன். காலாண்டில் இயற்பியலில் 19. டிசம்பரில் தனியாக வந்து "சார், மாத்திக்கலாமா" என்று கேட்டான். முடியாது என்றேன், அப்போது முடியாதுதான். இரண்டு வருடம் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து தத்தித் தத்திப் பாஸானான். இப்போது நன்றாகவே இருக்கிறான், பார்த்தால் வணக்கம் சொல்வான், ஆனால் அந்தப் பித்தானைத் திருகிய கை எனக்கு மறக்கவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு: குரூப் மாற்றலாம், தொடக்கத்தில், பெயர்ப்பட்டியல் மேலே போவதற்கு முன், அந்த குரூப்பில் இடம் இருந்து தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டால். முதல் மாதத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதாக இருந்தாலும் பயாலஜி மேத்ஸிலிருந்து பியூர் சயின்ஸுக்கு இறங்குவது சுலபம், இயற்பியல், வேதியியல் இரண்டும் அதேதான். பியூர் சயின்ஸிலிருந்து கணக்குக்கு ஏறுவது கஷ்டம், நடத்திய பாடமெல்லாம் நிற்கும். இதுவா அதுவா என்று கடைசி நாள் வரை இழுபறியாக இருந்தால் கணக்கு உள்ள குரூப்பில் சேர்த்துவிட்டு, நாலு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு.

வகுப்பாசிரியை சொன்னதில் பாதி சரி. சமூக அறிவியலில் 96 எடுத்த பிள்ளைக்கு ஆர்ட்ஸ் குரூப் கௌரவக் குறைவு இல்லை, காமர்ஸ் எடுத்துக் கணக்காளர் ஆனவர்களும் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். ஆனால் டி.என்.பி.எஸ்.சி.க்காக என்று அதை எடுக்கத் தேவையில்லை. குரூப் 4க்குப் பத்தாவது போதும், மேலே போனால் ஏதாவது ஒரு பட்டம். அதற்கு அடிப்படை ஆறிலிருந்து பத்து வரையான சமூக அறிவியலும் தமிழும், அது அவள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அக்ரி படித்துவிட்டு அந்தத் தேர்வு எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர். பாப்பா தானாக வரலாறு, பொருளியல் என்று கேட்டால் யோசியுங்கள், அவள் கேட்கவில்லையே.

தமிழ் வழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பிளஸ் ஒன் சேரும்போது யாராவது வந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றச் சொல்வார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது, நடுவில் மாறினால் பிளஸ் டூவோ பட்டமோ தகுதியாகக் கேட்கிற வேலைகளுக்கு அது போய்விடும். நீட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். அவளுக்கு ஆங்கிலம் 78, அது குறையவில்லை, ஆனால் கல்லூரியில் திசைவேகம், முடுக்கம், உந்தம் எல்லாம் வெலாசிட்டி, ஆக்சிலரேஷன், மொமெண்டம் என்றுதான் காதில் விழும். பாடநூலில் கலைச்சொல் பட்டியல் போட்டிருக்கிறார்கள், நோட்டில் தமிழ்ச் சொல் எழுதும்போதே பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் எழுதப் பழகட்டும், தினம் ஐந்து சொல். இரண்டு வருடத்தில் தடுமாற்றம் போய்விடும்.

அப்புறம், கட் ஆஃபில் சேராது என்பதால் தமிழையும் ஆங்கிலத்தையும் பிளஸ் டூவில் உதறிவிடுகிற பிள்ளைகள் உண்டு. நம் கும்பகோணத்துக்காரர் கதை தெரியும்தானே. ராமானுஜன் 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார், கணக்கைத் தவிர எதையும் தொடவில்லை, ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரி, அங்கே உடலியல் பாடம் காலை வாரிவிட்டது, எஃப்.ஏ. என்கிற அந்தக் காலத்து இன்டர்மீடியட் தேர்வில் கடைசி வரை தேறவில்லை. அவருக்குக் கைகொடுக்கக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி இருந்தார். நமக்குப் பாஸ் மார்க் வேண்டும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கடிதத்தில் இருப்பதை மட்டும் வைத்து, என் கை பியூர் சயின்ஸ் பக்கம்தான் சாய்கிறது. பெண் தன் வாயால் ஒன்றைக் கேட்கிறாள், அவள் மார்க்கும் அதற்குப் பொருந்துகிறது, சுற்றுவட்டாரத்தில் அதற்கான கல்லூரிகளும் இருக்கின்றன. நீட் வேண்டுமானாலும் அதிலிருந்து எழுதலாம், 720இல் பாதி, 360, உயிரியல்தான். ஆனால் அந்த விடைத்தாளில் நான் சொன்ன இரண்டாவது பெண்தான் இருக்கிறாள் என்று தெரிந்தால் என் அபிப்பிராயத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், பயாலஜி மேத்ஸ் போடுங்கள். அவளுடைய கணக்குப் பயம் மார்க்கால் வந்ததா, அல்லது யாரோ ஒரு வாத்தியார் வகுப்பில் நிற்க வைத்துத் திட்டியதால் வந்ததா என்றும் கேட்டுப் பாருங்கள், பாதிப் பெண் பிள்ளைகளுக்கு அது இரண்டாவது காரணம்தான், எங்கள் வாத்தியார் இனத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா.

அப்பாவிடம் இதைச் சொல்லும்போது குரூப்பில் தொடங்காதீர்கள், 7.5 சதவீதத்தில் தொடங்குங்கள், மூன்று லட்சம் மிச்சம் என்றதும் காது கொடுப்பார். பாமணியாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் அவரை வீட்டில் பிடிக்க முடியாது, அதனால் இந்த வாரமே. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் இப்போதே இ-சேவையில் போட்டு வையுங்கள். கல்லூரி நேரத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழும் வேண்டும், வீட்டில் முதல் பட்டதாரி இவள்தான் என்றால் தொழிற்படிப்பில் கட்டணச் சலுகை உண்டு.

யூரியா கணக்கை ஒரு தாளில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஒரு மாவுக்கு எத்தனை கிலோ என்பதையும் சேர்த்து. நான் திருத்தி அனுப்புகிறேன், சிவப்பு மை இன்னும் வைத்திருக்கிறேன்.